வாசம் வந்ததும் இறக்கவும்

வாலாஜாபாத்
28.4.2025

ஜூலி அப்பாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் அதற்கு மேல் கத்துவேன், பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். இனி எதுவானாலும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். உங்கள் கம்பெனி பஸ்ஸில் வரும் சிவசங்கர் அண்ணன் நாங்கள் இருக்கும் ஷீபா அக்கா வீட்டுத் தெருமுனையில்தான் இறங்குகிறார். கேட்டதற்கு, "தபால்காரன் வேலையும் பாக்கணுமாம்மா?" என்று சிரித்தார். ஆனால் சரி என்றார்.

ஜூலிக்குக் கை ஆறிவிட்டது. கழுத்தில் மட்டும் தோல் இழுத்துக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் திரும்பினால் வலிக்கிறது என்கிறாள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்கிறேன்.

மே 25 ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இங்கேயே கோயிலில் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். முந்தின நாள் சாமியாரிடம் முதல் பாவசங்கீர்த்தனம். ஞானஸ்நான சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது, எடுத்து அனுப்புங்கள். இதோடு டி.சி. ஃபார்ம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஜூன் இரண்டாம் தேதி அவளை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவேன்.

கையெழுத்துப் போட மனமில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி என்ன நடந்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். நான் இரண்டாம் ஷிப்டில் இருந்தேன். சாயங்காலம் ஏழு மணி. நீங்கள் அடுப்பில் வைத்த பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. வீடு முழுக்க கேஸ். கீழ்வீட்டு எல்லப்பன் அண்ணனுக்கு மாடிப்படி வரைக்கும் நாற்றம் வந்து ஓடி வந்திருக்கிறார். பத்தடி தூரத்தில் ஹாலில் இருந்த உங்களுக்குத் தெரியவில்லை. கேட்டால் தூங்கிவிட்டேன் என்கிறீர்கள். எல்லப்பன் அண்ணன் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஒரு தட்டுதாம்மா தட்னேன். ரிமோட்ட கைல வச்சிக்கினு வந்து தொறந்தாரு." அந்த நிமிடம்தான் ஜூலி சமையலறை சுவிட்சைப் போட்டிருக்கிறாள், குப்பென்று பற்றிக்கொண்டது.

தூங்குகிறவர் கையில் ரிமோட் எதற்கு? மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆமாம் என்றாவது சொல்லுங்கள். உண்மை தெரியாமல் அந்த வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டி வர மாட்டேன்.

புதுநன்மைக்குக் களாக்காய் டார்ட் வேண்டும் என்று ஜூலி ஒரே பிடிவாதம். ஓவன் அங்கே இருக்கிறது, இங்கே நான் எதில் செய்வது? சொன்னேன், கேட்கவில்லை.

அற்புதமேரி

*

சுங்குவார்சத்திரம்
30.4.2025

மேரி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "கேக்க வந்துட்டாரு" என்பாய். அதனால் கேட்கவில்லை.

சர்டிபிகேட் இதில் இருக்கிறது. டி.சி. ஃபார்ம் மேசை மேல் இருக்கிறது. பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன், திரும்பி வந்தும் பார்க்கிறேன்.

வீட்டுக்காரர் சமையலறைக்கு வெள்ளையடித்துவிட்டார். நான் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன், என் ஒருத்தனுக்கு அது போதும். ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டேன். அது ஓடுகிற சத்தம் மட்டும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது, என்னவோ போல் இருந்தது. இப்போது அந்தச் சத்தமும் இல்லை, இன்னும் என்னவோ போல் இருக்கிறது.

நான் குடிக்கவில்லை மேரி. பீடத்துக்கு முன்னால் செய்த சத்தியத்தை நான் மீறவில்லை. கண் அசந்துவிட்டது, அவ்வளவுதான். அதையே எத்தனை தடவை கேட்பாய்?

டார்ட்டை நான் செய்கிறேன். சிரிக்காதே. எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்பு. அதைக் கொண்டு வந்து கொடுத்தால் உன்னையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று எழுத நினைத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதியே விட்டேன் பார்.

டெனிசன்

*

வாலாஜாபாத்
3.5.2025

ஜூலி அப்பாவுக்கு,

சிரித்தேன். ஷீபா அக்காவும் சிரித்தாள். ஜூலி சிரிக்கவில்லை. "அப்பா செய்யட்டும்மா, நல்லாருக்கும்" என்றாள். அவளுக்காக எழுதுகிறேன்.

களாக்காய் அரைக் கிலோ. பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து விற்கும் அம்மாவிடம் கிடைக்கும். ரொம்பப் பழுத்தது வேண்டாம். ஒரு பக்கம் சிவந்து ஒரு பக்கம் பச்சையாக இருப்பதுதான் நல்ல புளிப்பு. இரண்டாகக் கீறி, விதையை எடுத்து, உப்புத் தண்ணீரில் போடுங்கள். இல்லாவிட்டால் அதன் பால் விரலில் ஒட்டிக்கொண்டு மூன்று நாளைக்குப் போகாது. பிறகு சம அளவு சர்க்கரையும் ஒரு துண்டு பட்டையும் போட்டுக் கெட்டியாகும் வரை வேகவிடுங்கள்.

மைதா இரண்டு டம்ளர், டால்டா முக்கால் டம்ளர், ஒரு சிட்டிகை உப்பு. ஜில்லென்ற தண்ணீர் தெளித்து விரல் நுனியால் பிசையுங்கள். அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும். தட்டில் விரித்து, பழத்தை நிரப்பி, மிச்ச மாவைப் பட்டை பட்டையாக வெட்டி மேலே பாய் மாதிரி பின்னுங்கள்.

முக்கியமானது இதுதான். எங்கப்பா பங்குச் சாமியார் வீட்டில் சமையல்காரராக இருந்தபோது மணி பார்த்து எதையும் இறக்கியதில்லை. எனக்கும் அக்காவுக்கும் புதுநன்மைக்குச் செய்தபோது, "வாசம் வந்ததும் இறக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் மாவு வேகிற வாசம் வரும், அது கணக்கில்லை. பிறகு சர்க்கரை கருகப் போகிற மாதிரி ஒரு வாசம், பட்டையோடு சேர்ந்து கூடத்துக்கே வரும். அதுதான் பக்குவம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

முதலில் ஒன்று செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஃபார்மை மறக்க வேண்டாம்.

மேரி

*

சுங்குவார்சத்திரம்
11.5.2025

மேரி,

உங்கப்பாவுக்கு வாசம், எனக்கு மீட்டர். ஒரகடத்தில் பதினாலு வருஷமாகப் பெயிண்ட் ஷாப்பில் ஓவன் ஓட்டுகிறவனிடம் போய் மணி பார்க்காதே என்கிறாய். பெயிண்ட் அடித்த பம்பர் உள்ளே போனால் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு டார்ட் என்ன பெரிய விஷயமா என்று இறங்கினேன்.

நூற்று எண்பது டிகிரி, இருபத்திரண்டு நிமிடம். எடுத்துப் பார்த்தால் மாவு வெளுப்பாக அப்படியே இருக்கிறது. சூட்டை இருநூற்று முப்பதுக்கு ஏற்றினேன். ஓவன் கண்ணாடியில் பழைய கறை, உள்ளே எதுவும் தெரியவில்லை. எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லப்பன் கதவை உடைக்கிற மாதிரி தட்டுகிறார். "இன்னா டெனிசா, மறுபடியும் இன்னாத்த கொளுத்திக்கினு கீற? தெருவே நாறுது!" ஓவனைத் திறந்தால் ஒரே புகை. டார்ட் தார் ரோடு மாதிரி இருந்தது.

பாவம், ஓடி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்கிறேன். ஜூலியிடம் அப்பா விட மாட்டார் என்று சொல்.

டெனிசன்

*

வாலாஜாபாத்
13.5.2025

ஜூலி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஓவனுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். தெருவே நாறியது. கீழே இருந்தவர் ஓடி வந்தார். நீங்கள் உட்கார்ந்தே இருந்தீர்கள். இதுவும் கண் அசந்ததுதானா? எதிரே எரிகிறது, அது கூடத் தெரியாத அளவுக்கு என்ன குடித்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

புதுநன்மைக்கு நீங்கள் கோயிலுக்கு வரலாம். பிள்ளைக்காகச் சொல்கிறேன். அக்கா வீட்டுக்கு வர வேண்டாம்.

அ. மேரி

*

சுங்குவார்சத்திரம்
18.5.2025

மேரி,

சிவசங்கர் கையில் ஒரு டின் கொடுத்திருக்கிறேன். திறந்து பார்த்துவிட்டு இந்தக் கடிதத்தைப் படி.

பார்த்தாயா? இந்தத் தடவை ஓவன் கண்ணாடியைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். லைனில் நிறம் சரிபார்க்க எங்களிடம் ஷேடு கார்டு இருக்கும், அதில் பழுப்பு நிறத்தில் ஒன்று உண்டு. அதைக் கண்ணாடிப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாவின் நிறம் அதோடு ஒத்துப்போன அதே நொடியில் நிறுத்திவிட்டேன். உங்கப்பா செய்தது இந்த நிறத்தில்தானே இருக்கும்? பின்னலை எண்ணிப் பார். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. ஒன்று கூடக் கோணவில்லை. குடித்தவன் கை இப்படிப் பின்னுமா, நீயே சொல்.

டின் பழைய பிஸ்கட் டின்தான். பிள்ளைக்குப் போகிறதே என்று அதில் ஒட்டியிருந்த லேபிளையும் பசையையும் உள்ளேயும் வெளியேயும் பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. மூடி இறுக்கமாக இருக்கிறது, எறும்பு போகாது.

இது நன்றாக இருந்தால் சனிக்கிழமை இன்னொன்று செய்து நானே கொண்டு வருகிறேன். ஜூலி முதல் வாய் வைத்ததும் என்ன சொன்னாள் என்று அப்படியே எழுது.

டெனிசன்

*

வாலாஜாபாத்
19.5.2025

ஜூலி அப்பாவுக்கு,

டார்ட் பார்க்க அழகாக இருந்தது. அப்பா செய்ததை விட அழகு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

மூடியைத் திறந்ததும் தின்னர் வாடை மூஞ்சியில் அடித்தது. கண் கரித்தது. தெரு வரைக்கும் வந்தது. ஜூலி கையில் தட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். தட்டைப் போட்டுவிட்டு, "கேஸு! அம்மா, கேஸு! லைட்டப் போடாதீங்க!" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினாள். நானும் அக்காவும் பின்னாலேயே ஓடிப் பிடித்தோம். பத்து வயசுப் பிள்ளைக்குப் பாவாடையெல்லாம் நனைந்துவிட்டது. இன்னும் உள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

முதலில் உங்களைக் கண்டபடி திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த வாடையோடு ஒரு டின்னை வீட்டில் வைத்துக்கொண்டு யாராலும் உட்கார்ந்திருக்க முடியாது. பெருமையாக மூடிக் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். போன வாரம் எதிரே உட்கார்ந்து கரியவிட்டீர்கள். அன்றைக்கு கேஸ். குடித்தவருக்குக் கூட இது தெரியும்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸிலிருந்தே என் சமையலை நீங்கள் நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மேல்தான் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்து நான் தனியாக அழுதிருக்கிறேன்.

உங்களுக்கு வாசனை தெரிகிறதா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மேரி

*

சுங்குவார்சத்திரம்
20.5.2025

மேரி,

இல்லை.

ஒரு வார்த்தை போதும் என்றாய். அதோடு நிறுத்தினால் அதுவும் ஒரு பொய்தான்.

இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. தின்னர் நெடி அடிக்காமல் போனபோது பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரன். கிறிஸ்துமஸ் பூசையில் சாமியார் தூபம் போட்டபோது உனக்கு இருமல் வந்தது. என் முகத்துக்கு நேராகப் புகை வந்தது, எனக்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

கம்பெனியில் சொல்ல பயம். லைனில் தின்னர் கசிந்தால் முதலில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவன் ஓவன் ஓட்டுகிறவன்தான். மூக்கு போனவனை ஒரு நாள் கூட வைத்திருக்க மாட்டார்கள். பதினாலு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்து இந்த வருஷம்தான் பெர்மனென்ட் லிஸ்டில் பேர் வந்திருக்கிறது. மெடிக்கலில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்ட கட்டத்தில் இல்லை என்று டிக் போட்டேன். உன்னிடம் சொன்னால் நீ விடமாட்டாய் என்று உன்னிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பாலை வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். முழிப்பாகத்தான் இருந்தேன். எல்லப்பன் "கேஸு கேஸு" என்று கத்தும்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஜூலி என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. தூங்கிவிட்டேன் என்று சொன்னது ஆஸ்பத்திரியில் வைத்து வாய்க்கு வந்தது. பிறகு அதிலிருந்து இறங்க முடியவில்லை. குடிகாரன் என்று நீ நினைத்தால் கூடப் பரவாயில்லை, என்றைக்காவது மன்னிப்பாய் என்று நினைத்தேன்.

மூக்கு போனால் நாக்கும் பாதி போய்விடுகிறது. எதைத் தின்றாலும் அட்டை தின்கிற மாதிரி இருக்கிறது. புளிப்பு மட்டும் நன்றாகத் தெரிகிறது. ஒரு மாதமாகப் பச்சைக் களாக்காயை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறேன்.

டெனிசன்

*

வாலாஜாபாத்
21.5.2025

ஜூலி அப்பாவுக்கு,

மூக்கு போனது உங்கள் தப்பில்லை. அதைத் தெரிந்துகொண்டே, "நீ ஷிப்டுக்குப் போ மேரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, என் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாலை நானே காய்ச்சி வைத்துவிட்டுப் போயிருப்பேன். அவ்வளவு சின்ன விஷயம்.

என்னிடம் சொன்னது போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் பிள்ளைகளைத் தங்கள் பாவங்களை ஒரு தாளில் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். சாமியாரிடம் சொல்லும்போது மறந்துபோகாமல் இருக்க. அதை மற்றவர் பார்க்கக் கூடாது. நான் பார்த்துவிட்டேன். தலையணை மாற்றும்போது கீழே விழுந்தது. ஜூலியின் கையெழுத்தில் நான்கு இருக்கிறது.

பக்கத்துப் பெண்ணின் பென்சிலை எடுத்தேன்.
பெரியம்மாவிடம் பொய் சொன்னேன்.
சுவிட்ச் போட்டு வீட்டைக் கொளுத்தினேன்.
அதனால் அம்மா அப்பாவை விட்டு வந்துவிட்டாள்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னோம். தூங்குகிறவர் மேல் என்ன தப்பு? அப்படியானால் மிச்சம் இருப்பது அவள்தான். மூன்று மாதமாக அதைத் தனியாக வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். நானும் ஒருநாள் கூடக் கேட்கவில்லை. உங்களைத் திட்டுவதிலேயே இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை அவள் முழந்தாள் போடுவதற்கு முன் வந்து சொல்லுங்கள். நான் சொன்னால் அம்மா சமாதானம் சொல்கிறாள் என்று நினைப்பாள். டார்ட் எதுவும் வேண்டாம். வெறும் கையோடு வாருங்கள்.

மேரி

*

சுங்குவார்சத்திரம்
22.5.2025

மேரி,

இன்று காலை கம்பெனி டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பெயிண்ட் ஷாப் பக்கமே வரக்கூடாது என்று பேட்ஜை வாங்கிக்கொண்டார்கள். பேக்கிங் செக்‌ஷனில் இடம் இருந்தால் கூப்பிடுவார்களாம். பெர்மனென்ட் லிஸ்டைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

நாளை சாயங்காலம் கோயில் வாசலில் நிற்கிறேன். நீ தள்ளி நின்றுகொள். நீ பக்கத்தில் இருந்தால் உன் முகத்தைப் பார்த்துப் பேசுவேன், அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது யோசிக்கிறேன்.

டெனிசன்

*

வாலாஜாபாத்
26.5.2025

ஜூலி அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் சொன்னபடி தள்ளித்தான் நின்றேன். மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் சிமெண்டுப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் பேசினது எதுவும் கேட்கவில்லை. ஜூலி ஒரு தடவை எழுந்து தூரமாகப் போனாள், பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். உங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

போகும்போது டி.சி. ஃபார்மைக் கையெழுத்துப் போட்டு நீட்டினீர்கள். ஜூலியை இந்த வருஷம் இங்கேதான் சேர்க்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளைப் பாருங்கள், அக்காவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. போனிலும் இப்போதைக்குப் பேச வேண்டாம், எழுதுங்கள். போனில் கேட்டிருந்தால் தூங்கிவிட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். வரிசையில் ஜூலி ஏழாவது. அவளுக்கு முன்னால் போன பெண் ஐந்து நிமிடம் எடுத்தாள். ஜூலி போன வேகத்தில் வந்துவிட்டாள். "இன்னாடி, அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாதுதான்.

"ரெண்டுதாம்மா இருந்திச்சு," என்றாள். "மீதி ரெண்டும் என்னுது இல்லியாம். அது அப்பாவுதாம். நீ சொல்லாத, நான் சொல்லிக்கிறேன்னாரு."

நேற்று பூசைக்கு முன்னால் பெரியவர்களின் பாவசங்கீர்த்தன வரிசையில் நீங்கள் கடைசியாக நின்றதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். வெள்ளைக் கவுனும் தலையில் பூக்கிரீடமுமாக ஜூலி ஊர்வலத்துக்கு நிற்க வேண்டியவள். சிஸ்டர் கூப்பிட்டும் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கிற அந்த மரக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துவிட்டது. பாட்டுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் வெளியே வரவில்லை.

"அப்பாக்கு இன்னாம்மா இவ்ளோ நேரம்?" என்று கேட்டாள்.

உங்களுக்கு இது தெரியாது, நீங்கள் உள்ளே இருந்தீர்கள். நீங்கள் எழுந்திருக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

மேரி